ரியாத்தில் முறுக்குச் சத்தம்

மகளும் மாப்பிள்ளையும் ரியாத்தில் இருக்கிறார்கள், ரமலான் சமயத்தில் போய்த் தங்கிவிட்டு வரப்போகிறோம் என்று வாய்விட்டுச் சொன்னதுதான் தாமதம், எங்கள் தெருவில் ஆளாளுக்கு ஆலோசகர் ஆகிவிட்டார்கள். தலைமை ஆலோசகர் 1990களில் அங்கே ஸ்டோர் கீப்பராக இருந்து திரும்பியவர். வீட்டுக்கே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சட்டங்களை ஒப்பித்தார். பாங்கு சொன்னால் அத்தனை கடை ஷட்டரும் இறங்கிவிடும், உள்ளே மாட்டிக்கொண்டால் தொழுகை முடியும்வரை உள்ளேதான். முத்தவ்வா என்று மார்க்கக் காவலர்கள் வருவார்கள், அவர்கள் கண்ணில் படக்கூடாது. குடும்பம் இல்லாத ஆண்பிள்ளையை மாலுக்குள் விட மாட்டார்கள். ஹோட்டலில் ஆண்களுக்கு ஒரு வாசல், குடும்பத்துக்கு ஒரு வாசல். சினிமா கிடையாது. பெண்கள் வண்டி ஓட்டக்கூடாது.

"ரொம்ப சிரிக்காதீங்க சார், ஏன் சிரிக்கிறீங்கன்னு கேப்பாங்க" என்று முடித்தார்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தேதிதான் பழசு. முத்தவ்வாக்களின் கைது செய்யும் அதிகாரம் 2016இலேயே போய்விட்டது. 2018 ஏப்ரலில் சினிமாக் கொட்டகை திறந்தார்கள், ஜூனில் பெண்கள் கைக்கு ஸ்டியரிங் வந்தது. உணவகங்களில் இரண்டு வாசல் கட்டாயம் 2019 டிசம்பரில் முடிந்தது. 2021 முதல் தொழுகை நேரத்திலும் கடை திறந்திருக்கலாம். இதையெல்லாம் நான் செல்போனில் எடுத்துக் காட்டியபோது அவர் முகம் சுண்டிவிட்டது. அத்தனை கெடுபிடியையும் தன்னை அனுபவிக்க விட்டுவிட்டு, தான் ஊர் திரும்பிய பிறகு கதவைத் திறந்திருக்கிறார்களே என்ற வருத்தம்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் எங்களைக் காப்பாற்றினார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள், பெட்டி கட்டும் இடத்துக்கே வந்து நின்று, என் மனைவியிடம் கேட்டார்: "குருமாப் பொடியில கசகசா போட்டிருக்கீங்களா?"

"ஒரு கைப்பிடிதான்" என்றாள் அவள் பெருமையாக. மகளுக்காக மெஷினில் கொடுத்து அரைத்த பொடி.

கசகசா என்பது அபினிச் செடியின் விதை. நமக்கு அது குருமாவைக் கெட்டியாக்கும் சமாசாரம். சவூதி சுங்கத்துக்குப் போதைப்பொருள். வளைகுடாவின் வேறு சில நாடுகளிலும் இதே கணக்குதான். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை இவற்றுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு, டாக்டர் சீட்டு இல்லாமல் தொடக்கூடாது. இருமலையும் முழங்கால் வலியையும் நான் ஊரிலேயே விட்டுவிட்டு வரத் தயார், கொண்டுபோவதுதான் பழக்கமாகிவிட்டது. பொடியை என்ன செய்வது? "நான் எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றார் தலைமை ஆலோசகர், டப்பாவை ஏற்கெனவே கையில் எடுத்துக்கொண்டு.

ரியாத்தில் இறங்கியதும் நான் கேட்ட முதல் கேள்வி, பாலைவனம் எங்கே என்பது. "அதுக்கு ஒன்றரை மணி நேரம் கார்ல போகணும் மாமா" என்றார் மாப்பிள்ளை. அதுவரை கண்ணுக்கு எட்டியதெல்லாம் பல வழிச் சாலைகளும் கண்ணாடிக் கட்டடங்களும்தான். 302 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரத்தைக் கட்டி, உச்சியில் பெரிய ஓட்டையை விட்டு, ஓட்டையின் மேல் ஒரு பாலம் போட்டிருக்கிறார்கள். கிங்டம் டவர். இன்னொரு கோபுரத்தின் தலையில் தங்க நிறக் கண்ணாடிப் பந்து. தரைக்குக் கீழேயும் மேலேயும் ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ரயில்; 2024 டிசம்பரில்தான் ஓட ஆரம்பித்தது, ஆறு தடங்கள், 176 கிலோமீட்டர். இத்தனையையும் பார்த்துவிட்டு என் மனைவி, "இந்த ஊர்லயா எனக்கு அபாயா வேணும்?" என்று கேட்டாள்.

வேண்டியதில்லை. உடல் முழுக்க மூடும் அபாயா அங்கி வெளிநாட்டுப் பெண்களுக்குக் கட்டாயமில்லை, அடக்கமான உடை போதும் என்பதுதான் இப்போதைய விதி. "சேலையே போதும்மா" என்றாள் மகள். ஆனால் கடைத்தெருவில் மற்ற பெண்களைப் பார்த்த மனைவி, ஊரோடு ஒத்துப் போவோம் என்று பத்தா பஜாரில் கறுப்பு அபாயா ஒன்று வாங்கிக்கொண்டாள். மரியாதைக்காக வாங்கியது. ஒரு வாரத்துக்குள் அதன் இன்னொரு பயன் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கீழே சூப்பர் மார்க்கெட்டில் தயிர் வாங்க வேண்டுமா? சேலை மாற்ற வேண்டாம், ப்ளவுஸ் தேட வேண்டாம். நைட்டியின் மேல் அபாயாவை மாட்டினால் முடிந்தது. நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு பால் பாக்கெட் வாங்கப் போகும் தமிழ்நாட்டுப் பெண்குலம் இத்தனை வருடமாகத் தேடிக்கொண்டிருந்த விடை அரேபியாவில் இருந்திருக்கிறது. நாங்கள் ஊர் திரும்பும்போது பெட்டியில் இன்னும் இரண்டு அபாயா இருந்தன.

சட்டப்படியும் இந்த நைட்டி ஏற்பாடு சரிதான். 2019இல் சவூதி அரசு பொது ஒழுங்கு விதிகள் என்று ஒரு பட்டியல் போட்டது. 19 குற்றங்கள்; அபராதம் 50 ரியாலில் தொடங்கி 6,000 ரியால் வரை. இரவு உடையோடு பொது இடத்தில் நடமாடுவது அதில் ஒன்று. நைட்டி வெளியே தெரிந்தால்தானே? என் லுங்கிதான் சிக்கலில் மாட்டியது. லுங்கி இரவு உடையா, பகல் உடையா? பத்தாவில் ஏமன்காரர்கள் அதே மாதிரி ஒன்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு கம்பீரமாக நடப்பதை மாப்பிள்ளையிடம் ஆதாரமாகக் காட்டினேன். அவர் சட்ட விவாதத்துக்கே வரவில்லை. "மாமா, பேன்ட் போட்டுக்குங்க."

அந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒன்று தோன்றியது. அரைக்கால் சட்டையும் கையில்லாத சட்டையுமாக அலைந்து பழகிய ஐரோப்பியருக்கு உடை விதிதான் உறுத்தும். கழுத்து முதல் கணுக்கால் வரை மூடி வளர்ந்த நமக்கு உறுத்துவது வேறு. வரிசையில் குறுக்கே புகக்கூடாது. கண்ட இடத்தில் குப்பை போடக்கூடாது. கேட்காமல் யாரையும் படம் எடுக்கக்கூடாது. குடியிருப்புப் பகுதியில் பாட்டை அலற விடக்கூடாது. டிக்கெட் கவுன்டரில் முன்னால் நிற்பவரின் முதுகில் மூச்சு விடாமல் நிற்பதற்கு எனக்கு இஸ்லாமிய ஒழுக்கம் எதுவும் தேவைப்படவில்லை, கொஞ்சம் தன்னடக்கம்தான் தேவைப்பட்டது. அதுதான் கையிருப்பில் குறைவு.

ரமலானில் விடியல் முதல் சூரியன் மறையும்வரை பொது இடத்தில் யாரும் சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ புகைக்கவோ கூடாது. முஸ்லிம் அல்லாதவருக்கும் இது பொருந்தும். பகலில் ஓட்டல்கள் மூடியிருக்கும். வீட்டுக்குள் சாப்பிடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. தடை போட்டது என் மனைவி.

எனக்குப் பதினொரு மணிக்கு ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் போடக்கூடாது. ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கில் ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

"ஏங்க, மெதுவா!"

"வீட்டுக்குள்ளதானே தின்னுறேன்?"

"பக்கத்து வீட்ல எல்லாரும் நோன்பு. சத்தம் கேக்காதா?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு எகிப்துக் குடும்பம். முறுக்கு உடையும் ஓசை அந்தச் சுவரைத் துளைத்துப் போய் அவர்கள் பசியைக் கிளப்பிவிடும் என்று அவள் நம்பினாள். முறுக்கைத் தண்ணீரில் நனைத்துத் தின்னச் சொன்னாள். நனைத்த முறுக்கு முறுக்கு அல்ல. அதைத் தின்பதற்குப் பதில் நோன்பே இருந்துவிடலாம். அடுத்து அவளுடைய சட்டம் சமையலறைக்கும் பரவியது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு தாளிக்கக்கூடாது, வாசனை போகும். அப்பளம் பொரிக்கக்கூடாது. குக்கர் விசிலைக் கரண்டியால் தூக்கிவிட வேண்டும். சவூதி உள்துறை அமைச்சகத்துக்கே தோன்றாத விதிகளெல்லாம் எங்கள் ஃபிளாட்டில் அமலில் இருந்தன.

நானும் சளைத்தவன் இல்லை. ஒரு நாள் சூப்பர் மார்க்கெட்டில் பாங்கு ஒலித்தது. ஷட்டர் இறங்கப்போகிறது என்று தள்ளுவண்டியை ஓரங்கட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஷட்டர் இறங்கவில்லை. எனக்குப் பக்கத்தில் வெள்ளைத் தோப் அணிந்த சவூதி இளைஞர் ஒருவர் தயிர் டப்பாவின் தேதியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பில் போடும் பெண் போட்டுக்கொண்டே இருந்தாள். "எனி ப்ராப்ளம், அங்கிள்?" என்று இளைஞர்தான் விசாரித்தார். ஆனால் எங்கள் வீட்டுக்குக் கீழே மலையாளி ஒருவர் நடத்தும் பக்காலா என்கிற மளிகைக் கடையில் இன்றைக்கும் தொழுகைக்குக் கதவு சாத்துகிறார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "சேட்டா, பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போகிறார். சட்டம் எங்கே நிற்கிறது, வழக்கம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதை அங்கே அந்தந்தக் கடையின் கதவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். முன்கூட்டிப் பாடம் படித்துப் பயனில்லை.

மாலை ஆறு மணிக்குச் சற்று முன் அந்த ஊர்ச் சாலையைப் பார்க்க வேண்டும். நோன்பு திறக்க வீட்டுக்குப் பறக்கும் கார்கள், அவற்றின் வேகத்தைப் படம் பிடிக்கும் ஸாஹிர் கேமராக்கள். சிக்னலில் நின்றால் இளைஞர்கள் ஓடிவந்து ஜன்னல் வழியாகப் பொட்டலத்தை நீட்டுவார்கள்: பேரீச்சை, தண்ணீர், ஒரு பாட்டில் மோர். எங்களுக்கு நோன்பு இல்லை என்று மாப்பிள்ளை அரபியில் சொன்னார். பொட்டலம் கொடுத்த பையன் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை, பின் ஜன்னலில் இருந்த மனைவிக்கும் ஒன்று கொடுத்துவிட்டு அடுத்த காருக்கு ஓடினான்.

பாங்கு முடிந்த கையோடு எகிப்து வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்தது. சமூசா, பக்கத்தில் ஒரு கிண்ணம் பருப்பு சூப். தட்டைச் சும்மா திருப்பிக் கொடுப்பது எந்த நாட்டில் வழக்கம்? மனைவி கேசரி வைத்துக் கொடுத்தாள். மறுநாள் அவர்கள் இனிப்பு வைத்து அனுப்பினார்கள். இவள் மெதுவடை. அவர்கள் இறைச்சி அடைத்த குடைமிளகாய். ரமலான் முடியும்வரை அந்தத் தட்டு எந்த வீட்டிலும் காலியாக உறங்கவில்லை. நோன்பு மாதத்தில் எடை கூடிய ஒரே முஸ்லிம் அல்லாதவன் நானாக இருக்க முடியாது, ஆனால் எங்கள் மாடியில் நான்தான்.

வெள்ளிக்கிழமை மெட்ரோவில் பத்தாவுக்குப் போனோம். டிக்கெட் நான்கு ரியால், இரண்டு மணி நேரத்துக்குச் செல்லும். குடும்பமாகப் போகிறவர்களுக்குத் தனிப் பகுதி, தனியாட்களுக்கு வேறு பகுதி. கண்ணாடிக் கோபுரங்களுக்குக் கீழே ஏறி பத்தாவில் இறங்கினால் வேறு ஊர். தமிழும் மலையாளமும் வங்காளமும் நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அதிராம்பட்டினத்துக்காரர் ஒருவர், மாப்பிள்ளையின் சிநேகிதர், நோன்பு திறக்க அழைத்திருந்தார். பிளாஸ்டிக் விரிப்பில் வரிசையாக உட்கார்ந்து நோன்புக் கஞ்சியும் வடையும். பூண்டும் வெந்தயமும் மணக்கும் அந்தக் கஞ்சியைக் குடிக்க நான் ரியாத் வரைக்கும் போயிருக்க வேண்டியதில்லை என்று அவரிடம் சொன்னேன். "நாங்கதான் சார் இங்க வரவேண்டியிருந்துச்சு" என்றார். ஊருக்குப் போய் இரண்டரை வருஷம் ஆகிறதாம். அவருக்கு நகரம் என்பது இக்காமா என்கிற குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும் தேதியும், கஃபீல் என்கிற வேலை ஸ்பான்சரின் மனநிலையும். நான் அபாயாவையும் முறுக்கையும் பற்றி வேடிக்கையாக எழுத முடிவது, திரும்பிப் போக டிக்கெட் வைத்திருக்கிற விருந்தாளி என்பதால்தான்.

கடைசி வாரத்தில் மாப்பிள்ளையின் மேலாளர், சவூதிக்காரர், வீட்டுக்கு அழைத்தார். இரவு பத்து மணிக்கு மேல், தராவீஹ் தொழுகை முடிந்த பிறகு. ரமலானில் அந்த ஊர் அப்போதுதான் பல் தேய்த்து எழுகிறது. மால்கள் பின்னிரவு தாண்டியும் திறந்திருக்கும். ஒன்பதரைக்குப் படுத்துவிடும் என்னை விழித்திருக்க வைக்க, மாப்பிள்ளை பாடம் எடுத்தார்.

"வலது கையாலதான் வாங்கணும், வலது கையாலதான் சாப்பிடணும் மாமா. பாதம் யாரையும் பார்த்து நீட்டக்கூடாது. எந்தப் பொருளையும் ரொம்பப் புகழாதீங்க, எடுத்துக் கொடுத்துடுவாங்க. காவான்னு அரபுக் காபி ஊத்திக்கிட்டே இருப்பாங்க. போதும்னா குவளையை லேசா ஆட்டணும். கையை நீட்டி மறிச்சா புரியாது." வீட்டில் எவர்சில்வர் டம்ளரை வைத்து ஒத்திகை நடந்தது. "முக்கியமா, அவங்க மனைவியைப் பத்திக் கேக்காதீங்க. வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு பொதுவாக் கேட்டா போதும்."

இதுதான் கஷ்டம். மனைவி என்ன செய்கிறார், பிள்ளைகள் எத்தனை, பெண்ணுக்கு வரன் பார்க்கிறீர்களா, சொந்த வீடா வாடகையா... இவற்றை நீக்கிவிட்டால் தமிழனுக்குப் பேச என்ன மிச்சம்?

மஜ்லிஸ் என்கிற அந்த ஆண்கள் கூடத்தில் சுவரோரமாக மெத்தை இருக்கை. மனைவியையும் மகளையும் வேறு வாசல் வழியாக உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். நான் கம்பளத்தைப் புகழாமல், பாதத்தை மடக்கி, வாயை மூடி உட்கார்ந்திருந்தேன். அப்போது மேலாளரின் மகன், கல்லூரிப் பையன், ஒரு தராசைக் கொண்டுவந்து எதிரில் வைத்தான். எத்தியோப்பியக் காபிக் கொட்டையை கிராம் கணக்கில் நிறுத்தான். அரைத்தான். காகித வடிகட்டியில் போட்டு, நீண்ட மூக்குக் கெண்டியிலிருந்து வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினான். இப்போது ரியாத் பையன்களுக்கு இதுதான் பைத்தியமாம். ஒத்திகை பார்த்த எதுவும் இதற்கு உதவாது. ஆனால் காபி என்றால் என் பேட்டை. பித்தளை ஃபில்டரில் முதல் டிகாக்ஷன் எப்படி இறங்கும், கள்ளிச்சொட்டுப் பாலை எப்போது சேர்க்க வேண்டும், சிக்கரி கலப்பது பாவமா இல்லையா என்று நான் ஆரம்பித்ததும் பையன் தராசை ஒதுக்கிவிட்டு நெருங்கி உட்கார்ந்தான். சிக்கரி பாவம் என்பதில் இருவரும் ஒரே மார்க்கம்.

அதன் பிறகு காவா வந்தது. வெளிர் மஞ்சள் நிறம், ஏலக்காய் மணம், சர்க்கரை கிடையாது, கூடவே பேரீச்சை. கைப்பிடியில்லாத சின்னக் குவளையில் கால் பங்குதான் ஊற்றுகிறார்கள். தீரத் தீர மறுபடி. போதும் என்று தோன்றியபோது குவளையை ஆட்டினேன். அப்பழுக்கில்லாத ஆட்டு. ஒருவரும் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் கண்ணை மூடித் திறந்தார்.

தரையில் விரிப்பு, நடுவில் வண்டிச் சக்கரம் போல ஒரு தாம்பாளத்தில் கப்ஸா சோறு, மேலே முழு ஆட்டுக்கறி. கையால் சாப்பிடுவதற்கு நமக்கு யார் சொல்லித் தர வேண்டும்? மேலாளர் நல்ல துண்டுகளாகப் பிய்த்து என் பக்கம் வைத்துக்கொண்டே இருந்தார். வாய் ஈடுகொடுத்தது, முழங்கால் கைவிட்டது. எனக்கு எதிரில் இருந்த பெரியவர், மேலாளரின் சித்தப்பா, என் முகத்தைப் பார்த்தார். தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். உள்ளே குரல் கொடுத்தார். இரண்டு நாற்காலி வந்தன, ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. இரண்டு பேரும் தனித்தட்டோடு ஏறி உட்கார்ந்துகொண்டு, மொழி தெரியாமலே மூட்டு வலித் தைலங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

கடைசியாக, கரித்துண்டில் ஊது கட்டை புகைய, தூபக்கால் ஒன்று கைமாறிக்கொண்டே வந்தது. அவரவர் தலைத்துணியிலும் தாடியிலும் புகையை வாங்கிக்கொண்டார்கள். இது வந்துவிட்டால் விருந்து முடிந்தது, கிளம்பலாம் என்று பொருள். யார் மனமும் புண்படாமல் விருந்தாளியை அனுப்பிவைக்க இதைவிட நாகரிகமான ஏற்பாட்டை நான் கண்டதில்லை. நம் வீடுகளில் கூடத்தில் ஒரு "வரட்டுமா", வாசல்படியில் ஒரு "வரட்டுமா", கேட்டில் செருப்பை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் உரையாடல். அங்கே புகை ஒரு சுற்று வந்து முடிவதற்குள் கூடம் காலியாகிவிட்டது.

கார் கிளம்பவில்லை. உள்ளே பெண்கள் பக்கமும் புகை போயிருக்கிறது. என் மனைவி அதைச் சாம்பிராணியாகப் பாவித்து, கூந்தலில் நன்றாக ஏற்றிக்கொண்டு, மறுபடி உட்கார்ந்துவிட்டாள். முக்கால் மணி நேரம் கழித்து, கையில் சுக்கரிப் பேரீச்சைப் பையோடும் அந்த அம்மாளின் போன் நம்பரோடும் வந்து சேர்ந்தாள். அந்த அம்மாள் பள்ளி ஆசிரியை, பிள்ளைகள் ஐந்து, மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், வீடு சொந்தம்தான், ஆனால் கடன் பாக்கி இருக்கிறது. நான் கேட்கக்கூடாதவை என்று மனப்பாடம் செய்திருந்த அத்தனையையும் அவள் கேட்டு முடித்திருந்தாள்.

ஆகையால் ரமலானில் ரியாத் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பகலில் நன்றாகத் தூங்கி வையுங்கள். விருந்துக்குக் கூப்பிட்டால் தட்டாமல் போங்கள். தூபக்கால் வந்ததும் நீங்கள் எழுந்துவிடலாம். மனைவியை மட்டும் காவா வரும்போதே கூப்பிட ஆரம்பித்துவிடுங்கள்.